லொறி வரும்வரை காத்திருந்த செல்வராஜ்

சனிக்கிழமை மதியம் புஷ்பாவின் அழைப்பு வந்தது. “டீச்சர், அவரு போயிட்டாருங்க. லொறி வர்றதுக்குள்ள போயிட்டாரு.”

அவர் கணவர், என் வகுப்புத் தோழர் செல்வராஜ், காலமாகிவிட்டார்.

ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் இராணுவத்தில் சேர்ந்தார். முகாமில் தமிழன் என்று சந்தேகித்தார்கள்; லயத்தில் ஆமிக்காரன் என்று ஒதுக்கினார்கள். வடக்கில் கண்ணிவெடியில் இடது காலை இழந்து திரும்பியவர், எட்டு ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். நாற்பதைத் தாண்டியபின், ஹட்டனில் வார இறுதி நாட்களில் நடந்த உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார். பள்ளி ஆசிரியையான நானும் அங்கேதான் படித்தேன்.

நான் யாழ்ப்பாணத்தவள். என் தம்பி இராணுவம் அடித்த ஷெல் விழுந்து செத்தவன். செல்வராஜ் முன்னாள் சிப்பாய் என்று அறிந்ததும் வகுப்பில் என் கதிரையை அவரிடமிருந்து தள்ளிப் போட்டேன். மூன்றாம் வாரம், காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

“மன்னிச்சிருங்கன்னு சொன்னா அது சின்ன வார்த்தையாப் போயிரும் டீச்சர். தம்பி பேரு என்னங்க?” என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் தம்பியின் நினைவு நாளன்று தவறாமல் அழைத்தார். என் உறவினர்களே மறந்துவிட்ட நாள் அது.

ஒருமுறை எங்கள் வகுப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர், காலை இழந்ததுதான் இவரை வளர்த்தது என்று மேடையில் புகழ்ந்தார். செல்வராஜ் எழுந்தார்.

“கால் போனது எனக்கு ஒன்னும் கத்துக் குடுக்கலைங்க ஐயா. எட்டு வருசம் கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தேன். எம் பொஞ்சாதி தட்டிக்கிட்டே இருந்தா. புகழுறதுன்னா அவ பேரச் சொல்லிப் புகழுங்க.”

அந்தச் சனிக்கிழமை காலை அவருக்கு நெஞ்சுவலி. மழை அரித்த தோட்டப் பாதையில் ஆட்டோ ஏறாது. தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்த லொறியைப் புஷ்பா கேட்டார். “ஏத்தி முடியட்டும்” என்றார் தோட்ட அதிகாரி. ஒன்றரை மணி நேரம் ஏற்றினார்கள். தேயிலை இலை வாடிவிடக் கூடாதாம்!

அடக்கத்தன்று தோட்ட அலுவலகத்தார் அதே லொறியைக் கழுவி அனுப்பினார்கள், ‘போர் வீரருக்கு’ என்று எழுதிய மலர்வளையத்தோடு. புஷ்பா வாசலை மறித்து நின்றார்.

“உசுரோட ஏத்தாத லொறியில பொணமா ஏத்த மாட்டேன். மாலையையும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

லொறி திரும்பிப் போனது. ஒரு காலத்தில் அவரோடு பேச மறுத்த லயத்து ஆண்களே தோள்மாற்றித் தோள்மாற்றி, சறுக்கும் சேற்றில், பெட்டியை மயான மேட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள்.

செல்வராஜ், நீங்கள் அமைதியாக உறங்குங்கள். திங்கட்கிழமை காலை அந்த அதிகாரியின் அலுவலக வாசலில் நாங்கள் நிற்போம். புஷ்பா முன்னால் நிற்பார்.