கை நனைக்காமல் ஒரு சாப்பாடு

ஆளுக்குத்தான் ஊர் கேட்பார்கள். பூந்தமல்லி சாலையில், வானகரம் தாண்டிப் புதிதாக வந்திருக்கும் ஏசி ஓட்டலில் கீரைக்கும் ஊர் சொல்கிறார்கள். மெனு கார்டில் 'பாரிவாக்கம் முளைக்கீரை மசியல்', 'எங்கள் ஏரி விரால் குழம்பு' என்று அச்சடித்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதை மட்டும்தான் சமைப்பார்களாம். விலையைப் பார்த்த என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நம் தூத்துக்குடியில் இதைப் பெருமையாகச் சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்தில் கிடைப்பதைத் தின்னாமல் வேறு எதைத் தின்பது?

ஆனால் நாங்கள் அப்படித் தின்றதில்லை. அவருக்கு ஃபேக்டரி வேலை கிடைத்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது மகள் சாந்திக்குப் பாவாடை சட்டை போடுகிற வயசு. அன்றிலிருந்து கருப்பட்டி, மிளகாய் வற்றல், சீலாக் கருவாடு எல்லாம் ஊரிலிருந்து ரயிலில் மூட்டையாக வரும். எதிர் வீட்டுக் கோயம்புத்தூர்க்காரிக்கும் அவள் ஊர் மூட்டைதான். குடியிருப்பது ஆவடியில், சாப்பிடுவது அவரவர் ஊரில். வந்த புதிதில் முத்தாபுதுப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு கூடைக்காரி வந்து, "இன்னாமா, ஏரி மீனு துள்ளிகினு கீது, வாங்கிக்கிறியா?" என்றாள். முன்பின் தெரியாதவளை நீ, வா, போ என்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. "ஏரி மீன் சேறு நாறும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இங்கே பிரியமாகவும் அப்படித்தான் பேசுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் ஏரி மீன் வாங்கவில்லை.

இப்போது சாந்தி அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். கூட வேலை பார்க்கும் குமாரைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். பாரிவாக்கத்துப் பையன். அவன் அப்பா அம்மா ஒரு காலத்தில் வயல் கூலிகள். இப்போது அப்பாவுக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலை. சாதியும் வேறு. அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லார் மனசிலும் அதுதான் உட்கார்ந்திருந்தது.

அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நம் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. சம்மதமில்லாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. ஓட்டலில் சாப்பிட்டால் அந்த வம்பு இல்லை. "உங்களுக்கு எதுக்குச் சிரமம், வெளிய எங்கயாவது பேசிக்கிடுவோம்" என்று சொல்லி அனுப்பினேன். இந்த ஓட்டலைச் சொன்னது அவர்கள்தான். நாசூக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்பது என் எண்ணம். சாந்திக்கும் அது தெரியும். ஓட்டலில் அத்தனை ஏசிக் குளிரிலும் அவள் மூக்கு நுனி வேர்த்திருந்தது.

குமாரின் அம்மா தனம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் குமாரும் அவன் அப்பாவும். "இந்த ஓட்டலு நிக்கிற எடத்துல நானு நாத்து நட்டுகீறேம்மா. இப்போ இங்கியே சேர்ல குந்திகினு துன்றேன், பாரேன்!" என்று சிரித்தார். இதற்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா? ஒன்றும் புரியாமல், "நல்லதுங்க" என்று வைத்தேன்.

விரால் குழம்பு வந்தது. மரியாதைக்கு ஒரு வாய் வைத்தேன். சேற்று வாசம் லேசாக இருக்கத்தான் செய்தது. ஆனால், என் தலையெழுத்து, நன்றாக இருந்தது! இரண்டாவது வாய்க்குக் கை தானாகப் போனது.

"எப்டி கீது?" என்றார் தனம்.

"நல்லா இருக்கு."

"இருக்காதா பின்ன? காத்தால இவரு வலை போட்டுப் புட்ச்ச மீனு. இந்த ஓட்டலுக்கு நாங்கதான் குடுக்கறோம். கீரைகூட நம்ம கொல்லைதான். எங்க ஊட்டாண்ட கை நனைக்கக் கூடாதுன்னுதானே வெளிய வரச் சொன்னே? எங்களுக்கும் அந்தப் பழக்கம் கீதும்மா."

என் கை பாதியில் நின்றது. வீட்டுக்காரர் இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை. நழுவிவிடலாம் என்று வந்தவளை இப்படி வலை போட்டுப் பிடித்துவிட்டார்களே! கோபம் வந்தது, கூடவே பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது. சமைத்தது ஓட்டல்காரன், மீனும் கீரையும் அவர்களுடையது. அப்படியென்றால் நான் கை நனைத்தேனா, இல்லையா? இதை எந்தப் பெரியவரிடம் போய்க் கேட்பேன்?

"எம்மா..." என்றாள் சாந்தி. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கை கழுவினால் அவள் வாழ்க்கை அங்கேயே நின்றுவிடும்.

"ஏட்டி, அந்தக் குழம்ப இந்தப் பக்கம் தள்ளு" என்றேன்.

அவள் அழுதுகொண்டே தள்ளினாள்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் ஏரி வாசம் போகவில்லை. மறுநாள் குழம்புக்காகக் கருவாட்டு டப்பாவைத் திறந்தேன், குப்பென்று கடல் அடித்தது. நான் செய்தது சரியா, தப்பா? தூத்துக்குடியில் என்ன பேசுவார்கள்? இன்றுவரை குழப்பம்தான். ஊரில் அண்ணனுக்கு மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அடுத்த மூட்டையில் கருவாடு கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்லி. பாரிவாக்கத்துக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது.