பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக்

போன ஞாயிறு காலை, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு ஹாலில் மல்லாந்து கிடந்தேன். யோகாசனம் என்று நினைத்துவிடாதீர்கள். கரண்ட் ஷாக்.

உபயம், என் வால்வு ஆம்ப்ளிஃபயர். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகள் ஒளிரும் பழைய ஸ்டீரியோ. மூன்று மாதமாக அதன் கிழட்டு கெபாசிட்டர்களைக் கழற்றி, புதிது வைத்து 'அப்கிரேட்' செய்துகொண்டிருந்தேன். பலன்? முன்பு லேசாக இரைந்தது. இப்போது தெருவுக்கே கேட்கும்படி 'உர்ர்ர்...' என்றது.

அந்த உர்ரைத் தேடித்தான் உள்ளே கை விட்டேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்! ஆனால் கெபாசிட்டர் நானூறு வோல்ட்டைச் சேர்த்துவைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது.

என் மனைவி சுமதி ஓடிவந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஈசிஜி பார்த்த டாக்டர், பிழைத்தீர்கள் என்றார்.  

வீட்டுக்கு வந்ததும், ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போடச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"வேணாம்னு சொன்னா, நான் வெளிய போற நேரமாப் பாத்துப் பிரிப்பீங்க. அதுக்கு நானே கத்துக்கிறேன்" என்றாள்.

மறுநாளே சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் இருக்கும் பஷீர் பாய் கடைக்குப் போய்விட்டாள். பாய் வளைகுடாவில் இருபது வருஷம் ஆடியோ ரிப்பேர் பார்த்தவர். பிளக்கைப் பிடுங்கியபின் கெபாசிட்டரில் மிச்சமிருப்பதை ரெசிஸ்டர் வைத்து வடிக்க வேண்டும், மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொட வேண்டும், அப்போதும், கரண்ட் இரண்டு கை வழியாக நெஞ்சில் பாயாமலிருக்க, ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனக்கும் சொன்னவர்தான். நான்தான் 'தெரியும் பாய்' என்று பாதியிலேயே எழுந்து வந்தவன்.

புதன்கிழமை சுமதி ஆம்ப்ளிஃபயர் முன் உட்கார்ந்தாள். வடித்தாள். மீட்டர் பார்த்தாள். இடக்கை முதுகுக்குப் பின்னால். டார்ச் அடித்து ஒயர் ஒயராகப் பார்த்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏங்க, இந்த ஒயரு எதுலயும் ஒட்டாம தொங்குதே... இப்படித்தான் இருக்கணுமா?"

ஆமாம் என்று சொல்லத்தான் ஆசை. ரெக்கார்ட் பிளேயரிலிருந்து வரும் ஒயரின் எர்த் முனை அது. நான் 'பற்றவைத்தது'. போனில் கேட்டதற்கு பாய் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

சுமதியே அதைப் பற்றவைத்தாள். உர்ர் நின்றது.

ஒரு நாதஸ்வர ரெக்கார்ட் போட்டோம். வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. "அப்படியே முன்னாடி உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இல்ல?" என்று பெருமையாகத் திரும்பினால், சுமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீங்க விழுந்து கிடந்தப்ப, மூச்சு இருக்கான்னுதாங்க முதல்ல காது வெச்சுக் கேட்டேன்."

வால்வு சவுண்டின் மகிமை பற்றி நான் தயாராக வைத்திருந்த பிரசங்கத்தை மூட்டை கட்டினேன். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆம்ப்ளிஃபயரைத் தொட இப்போது எனக்கும் அனுமதி உண்டு — தூசி துடைக்க மட்டும்.