கொப்பு கட்டிய சைக்கிள்

இது கற்பனையில்லை. கல்லூரியில் நான் எழுதும் கிண்டல்களைப் படித்தவர்கள் இதையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று தெரியும். சேர்த்துக்கொள்ளட்டும். போடிமெட்டிலிருந்து தனியாகச் சைக்கிளில் இறங்க உத்தேசித்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள்.

1955 ஐப்பசியில் எங்கள் ஊரின் முதல் நெடுந்தூரச் சைக்கிள் பந்தயம் நடந்தது. போடியிலிருந்து மெட்டு வரை ஏறி, திரும்பி, மலையடிவாரத்து முந்தலில் முடிக்க வேண்டும். பந்தயக் கமிட்டியில் ஒரு தலைவர், ஐந்து உபதலைவர்கள், ஒரு விசில். வெள்ளிக் கோப்பைக்காகச் சேர்ந்தேன் என்று சொல்ல ஆசைதான். "காலேஜ்காரனுக்குப் பேனாதாண்டா மிதிக்கத் தெரியும்" என்று ராசிங்காபுரத்துக்காரன் ஒருவன் சொன்னதற்காகச் சேர்ந்தேன்.

சைக்கிள் அக்கா வீட்டுக்காரருடையது. கொடுக்கும்போதே, "நீ எப்ப வந்தாலும் சரி மாப்ளே. வண்டி முழுசா வரணும்" என்றார்.

ஏற்றத்தில் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போனோம். நான் மெட்டைத் தொட்டபோது மற்றவர்கள் எல்லாரும் திரும்பி இறங்கிப் போயிருந்தார்கள். என் சிநேகிதன் வீரணன் மட்டும் அரிவாளோடு உட்கார்ந்திருந்தான். இறங்குகிற ஒவ்வொரு சைக்கிளின் பின்னாலும் தழையோடு ஒரு மரக்கொப்பைக் கயிற்றில் கட்டிவிடுவது அவன் சோலி. அது தரையில் இழுபட்டு வந்தால் வண்டி பாயாது. பிரேக்கை மட்டும் நம்பி அந்த மலையில் யாரும் இறங்குவதில்லை.

"கோப்பை போயிருச்சுடா. இனி கொப்புதான் மிச்சம்" என்றான்.

"வெரசா கட்டு."

"மஞ்சு ஏறுது, பாதை மறைஞ்சிரும். பொறு, எஸ்டேட் ஜீப்பு வந்ததும் ஏத்திட்டுப் போயிருவோம்."

"ஜீப்புல போய் எறங்குனா அந்த ராசிங்காபுரத்தான் சும்மா விடுவானா?"

புறப்படும்போது வீரணன் கைக்கடிகாரத்தில் மணி நாலேகால். பேய்க்கு நள்ளிரவுதான் உகந்த நேரம் என்பார்கள். எனக்கு வாய்த்தது ஆபீஸ் நேரத்தில் வேலை பார்க்கிற வகை.

முதல் இரண்டு வளைவுகள் சுகமாகவே போயின. ஏலக்காய் வாசனை. பின்னால் சரசரவென்று தழை இழுபடும் சத்தம். பிறகு மூடுபனி இறங்கியது. முன்சக்கரம் தெரிந்தது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டும் இடம் மாறிக்கொண்டன.

மூன்றாவது வளைவில், பின்னாலிருந்து வெடுக்கென்று ஓர் இழுப்பு.

வண்டி பாய்ந்தது. பிரேக்கை இறுகப் பிடித்தேன். ரப்பர் தீயும் நாற்றம். அப்புறம் இரும்போடு இரும்பு உரசும் சத்தம். அப்புறம் பிரேக் பிடி கையோடு லொடலொடவென்று ஆடியது. காலை ஊன்றினேன். செருப்பு பிய்ந்து எங்கோ போயிற்று. வெறுங்காலை வைக்கத் துணிவில்லை.

முடிந்தது என்று கண்ணை மூடினேன்.

வேகம் குறைந்தது.

பின்னால் மறுபடியும் இழுபடும் சத்தம். நல்லவேளை, கொப்பு இருக்கிறது. ஆனால்... சரசர இல்லை. தர்ர்ர்... தர்ர்ர்... என்று ஒரே நேரத்தில் இரண்டு சத்தம். பின்சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று.

கேரியர் முனகியது. ஆள் ஏறி உட்கார்ந்தால் முனகுமே, அப்படி.

இடுப்பைச் சுற்றி ஏதோ இறுகியது. கயிறு போல. குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. சட்டை மட்டும் இறுகி மடிந்திருந்தது...

குதித்துவிடலாம். எங்கே? பாறையிலா, பள்ளத்திலா? குதித்தாலும் அந்த இறுக்கம் என்னை விடுமா?

"எறக்கிவிட்டுரு அப்பு..."

பெண் குரல். பிடரியில் மூச்சு பட்டது. சூடான மூச்சு. காய்ச்சல்காரர் மூச்சு.

நானே இறங்க முடியாமல்தான் போய்க்கொண்டிருந்தேன்.

"எறக்கிவிட்டுரு..."

"பிரேக் இல்ல ஆத்தா!" என்று கத்தினேன்.

குரல் நின்றது.

தர்ர்ர் சத்தம் மட்டும் இன்னும் அழுத்தமாயிற்று.

திரும்பிப் பார்க்கவில்லை.

வளைவு... வளைவு... இன்னொன்று...

வெள்ளை கலைந்தது. முந்தல். கமிட்டியின் விசில். இடுப்பில் இறுக்கம் விட்டது. வண்டி தானாக நின்றது.

கடைசியாக வந்தவனுக்கும் கை தட்டினார்கள். யாரோ சோடா கொடுத்தார். என் பல் பாட்டிலில் தந்தியடித்தது.

சற்று நேரத்தில் ஜீப் வந்தது. வீரணன் குதித்து இறங்கி ஒரு கொப்பை என் காலடியில் போட்டான்.

"மூணாம் வளைவுல பாறை இடுக்குல மாட்டி அந்து கெடக்கு. நீ பள்ளத்துல கெடக்கேன்னுல்ல தேடிட்டு வர்றோம்! கொப்பும் இல்லாம எப்பிடிடா எறங்குனே?"

எஸ்டேட் ஆட்களை ஏற்றி இறக்கும் ஜக்கையன்தான் ஜீப்பை ஓட்டி வந்தவர். அவர் என் கேரியரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரையும் வச்சு ஓட்டுனியா தம்பி?"

"இல்லண்ணே."

"ஈர மண்ணுல ஒன் டயர் தடத்துக்கு ரெண்டு பக்கமும் கோடு கெடக்கு. மூணாம் வளைவுலருந்து இங்கன வரைக்கும்."

குரலைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவராகவே சொன்னார்.

"மொக்கம்மான்னு ஒரு புள்ள. ஏலத்தோட்டத்துல வேலை. கடுமையான காய்ச்சல். கணக்குப்பிள்ளை சைக்கிள்ல வச்சுக் கூட்டியாந்தான். விழுந்துருவாளேன்னு தன் இடுப்போட சேத்துக் கயித்துல கட்டிக்கிட்டான். பிரேக்கு அந்துபோச்சு. மூணாம் வளைவுல ரெண்டு பேரும் பள்ளத்துக்குள்ள போயிட்டாக. தூக்குனதுல நானும் ஒருத்தன்..."

பீடியைப் பற்றவைக்கப் பார்த்தார். மூன்று தீக்குச்சிகள் அணைந்தன.

"அந்தப் புள்ளைக்கு ரெண்டு குதிகாலும் இல்ல தம்பி. வண்டிய நிறுத்தணும்னு தரையில ஊனி ஊனியே... தேஞ்சு போயிருந்துச்சு."

மறுநாள் காலையில் சைக்கிளை ஒப்படைத்தேன். அக்கா வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வண்டி முழுசாகத்தான் இருந்தது. பின்டயரை மட்டும் விரலால் அழுத்தினார். பம்பைக் கொண்டுவந்து அடித்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி அடித்தார்.

"என்ன மாப்ளே இது? காத்து கல்லாட்டம் நிக்குது. ஆள் ஒக்காந்த மாதிரி டயரு அமுங்கியே கெடக்குதே?"