அடக்கக்கூடாத இருபது நிமிடங்கள்

புதிய கார் சிவப்பு விளக்கில் நின்றதும் தானாகவே இயந்திரத்தை அணைத்துவிடுகிறது. பச்சை விழுந்ததும் தானாகவே உயிர் பெறுகிறது. பெற்றோல் மிச்சமாம், காற்றுக்கும் நல்லதாம். நல்ல பிள்ளைதான். ஆனால் அது அடங்கும் ஒவ்வொரு தடவையும் என் வாயிலிருந்து "நிப்பாட்டாதை" என்று வந்துவிடுகிறது. பின் இருக்கையில் நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அப்பா காரோடு கதைக்கிறார் என்று அம்மாவிடம் போய்ச் சொல்கிறீர்கள். ஆகவே எழுதி வைக்கிறேன். நான் படித்தது கொஞ்சம்தான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

எல்லாம் சூசை அண்ணையின் படகால் வந்த பழக்கம். நீங்கள் பிறக்க முதல் நானும் அவரும் கெல்சென்கிர்ச்சனில் ஒரு பேக்கரியில் வேலை செய்தோம். அவர் மன்னார்க்காரர். அங்கே சின்ன மோட்டாரோடு கடலுக்குப் போனவர். இங்கே கால்வாய்க்கரையில் யாரோ கைவிட்டிருந்த ஓர் அமெரிக்கப் படகை வாங்கினார். அதற்குள் எட்டு சிலிண்டர் இயந்திரம். 'பிக் பிளாக்' என்பார்கள். லொறிக்குப் பூட்டக்கூடிய உடம்பு. உடம்பு இருந்த அளவுக்கு மூச்சு இல்லை. கால்வாயில் வேகமாகப் போகக்கூடாது என்று சட்டம் இருந்ததால், அதன் இயலாமை எங்களுக்கு நீண்ட காலம் ஒழுக்கமாகவே தெரிந்தது.

அண்ணையின் அக்கா திரேசா, டூசல்டோர்ஃபில் ரைன் நதிக்கரையோரம் இருந்தார். ஊரில் தம்பி கடலால் வரும்வரை கரையில் நின்று பார்த்தவர். ஒருநாள் படகிலேயே வந்து உன் வாசலில் இறங்குகிறேன் என்று அண்ணை அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு கோடையில் நாங்கள் இருவரும் புறப்பட்டோம்.

கால்வாய் முடிந்து ரைனில் இறங்கினால் ஆறு எதிரே வருகிறது. அண்ணை முழு வலுவையும் திறந்தார். இயந்திரம் கதறியது. கரையில் ஒரு தேவாலயக் கோபுரம் தெரிந்தது. நாங்கள் போகப்போக அது அதே இடத்திலேயே நின்றது. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் எங்களை முந்திப் போனார். அக்கா தொலைபேசியில் கேட்டார்.

"எங்கையடா நிக்கிறாய்?"

"வந்துகொண்டிருக்கிறன் அக்கா."

பொய் இல்லை. தண்ணீரைப் பார்த்தால் வேகமாகத்தான் வந்துகொண்டிருந்தோம். கடைசியில் திரும்பினோம். அக்கா மீன்குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ரெயில் ஏறி, எங்களுக்கு முன்பே கெல்சென்கிர்ச்சன் வந்து சேர்ந்துவிட்டார்.

"உன்ர போட்டைவிட ரெயில் கெதி, சூசை. அதுவும் பிந்தித்தான் வந்தது" என்று சோற்றைப் போட்டார். பிறகு, அடுத்த கோடை முடிவில் கனடாவுக்கு மகனிடம் ஒரேயடியாகப் போகப்போவதைச் சொன்னார். "அதுக்கு முதல் ஒருக்கா வந்து இறங்கு, பாப்பம்."

மீன்குழம்பு வாசம் வந்தால் எனக்கு இன்றைக்கும் இயந்திர எண்ணெயும் சேர்ந்தே மணக்கும். அந்தக் குளிர்காலம் முழுவதும் படகை அண்ணையின் வீட்டுப் பின்கொட்டகையில் ஏற்றிவைத்து, அந்த இயந்திரத்தைக் குடலும் ஈரலுமாகப் பிரித்துப் போட்டிருந்தோம். கையில் காசு இல்லாதவன் வலுவைத் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். சிலிண்டர்களின் உட்சுவரை உரசிப் புதுப்பித்தோம். பழைய பிஸ்டன்களைச் சுரண்டிக் கழுவினோம். காற்று போகும் வழிகளைச் சின்ன அரத்தால் நாள்கணக்கில் ராவி அகலமாக்கினோம். நான்கு வாய்க் கார்புரேட்டர் ஒன்று உடைந்த படகிலிருந்து கிடைத்தது. கார் உடைக்கும் இடத்தில் ஸ்டார்ட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்றேன். அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை.

"தம்பி, போட்டின்ர அடியில பெற்றோல் ஆவி நிக்கும். கார் ஸ்டார்ட்டர் பொறி தட்டினா டூசல்டோர்ஃபுக்கு வானத்தாலதான் போவம்."

புதிதாக வாங்கியது ஒன்றே ஒன்று: காம் தண்டு. வால்வுகளைத் தள்ளித் திறக்கும் மேடுகள் உள்ள இரும்புத் தண்டு அது. மேடு உயர்ந்தால் வால்வு கூடத் திறக்கும், வலு கூடும். ஆனால் புதுத் தண்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதன்முதல் இயக்கும்போது இருபது நிமிடம் நல்ல வேகத்தில், அடக்காமல் ஓடவேண்டும். அப்போதுதான் மேடுகளும் அவற்றில் உரசும் பாகங்களும் ஒன்றோடொன்று பழகும். மெதுவாக ஓடினால் எண்ணெய் போதாமல் ஒன்றையொன்று தின்றுவிடும். புதுமணத் தம்பதிகளைப் போலத்தான் என்று நான் சொன்னேன். உங்கள் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அதற்குப்பின் சொல்லவில்லை.

அந்த முதல் இயக்கத்துக்கு ஒரு சனிக்கிழமையை வைத்தோம். காலையில் ராகுகாலம் முடியட்டும் என்றார் அம்மா. ராகுகாலம் முடிந்தபோது, படகை ஆசீர்வதிக்க ஃபாதர் வரட்டும் என்றார் அண்ணை. ஃபாதர் வந்த ரெயில் வழக்கம்போலப் பிந்தியது. தீர்த்தம் தெளித்தாயிற்று, தேங்காயும் உடைத்தாயிற்று. பிறகு, வந்தவரை வெறும் வயிற்றோடு நிற்க வைப்பதா என்று ரோல்ஸும் தேநீரும். எல்லாக் கடவுள்களும் திருப்திப்பட்டு அண்ணை சாவியைத் திருகியபோது மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது.

பற்றியதும் கொட்டகைத் தகரமெல்லாம் நடுங்கியது. அண்ணையின் கண் கலங்கியிருந்தது; புகையால் என்றார். பீப்பாயிலிருந்து குளிர்நீரை உறிஞ்சிக்கொண்டு அது ஒரே சீராக இரைந்தது. ஒரு மணியானது. அந்தப் பகுதியில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை 'ரூஹெட்ஸைட்', சத்தம் போடக்கூடாத நேரம். சரியாக அப்போது வேலிக்கு மேலால் அயல்வீட்டு ஹெர் பெக்கரின் தலை தெரிந்தது.

"குறையுங்கோ, பொலிசு வரும்" என்றார் அம்மா.

விசாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள். வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தாலே கை தானாகக் குறைக்கும். அண்ணையின் கை குறைத்தது. இயந்திரம் பூனைபோல முனகியது. ஆளுக்காள் மன்னிப்புக் கேட்டோம். ரோல்ஸ் தட்டை நீட்டினோம். மனுசன் ஒன்று தின்றார், ரசித்து இன்னொன்றும் தின்றார். இயந்திரம் முனகிக்கொண்டே இருந்தது. மரியாதை முழுமையாகட்டும் என்று அண்ணை அதை அணைத்தும் விட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு ஹெர் பெக்கர் ஜெர்மனில் கேட்டார்:

"ஏன் சத்தத்தைக் குறைச்சீங்கள்? நான் அதைக் கேக்கத்தானே வந்தனான்."

மற்ற வீடுகளுக்காகக் காத்திருந்து மூன்று மணிக்குத் திரும்ப இயக்கியபோது உள்ளே சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். எண்ணெயை வடித்தோம். இரும்புத்தூள் சரிகைபோல மின்னியது. தண்டின் ஒரு மேடு தேய்ந்து மொட்டையாகியிருந்தது. தூள் எல்லா இடமும் போயிருந்ததால், எல்லாவற்றையும் திரும்பக் கழற்றவேண்டியிருந்தது. கோடை முடிந்தது. அக்கா விமானம் ஏறினார்.

அடுத்த வருடம் இன்னொரு தண்டு போட்டோம். நல்ல நேரம் பார்க்கவில்லை, ஃபாதரைக் கூப்பிடவில்லை, ரோல்ஸ் செய்யவில்லை. ஹெர் பெக்கர் கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று, "வைட்டர், வைட்டர்" என்றார். விடு, ஓடட்டும் என்று அர்த்தம். இருபது நிமிடமும் ஓடியது.

ரைனில் இந்த முறை அந்தக் கோபுரம் எங்களுக்குப் பின்னால் போனது. டூசல்டோர்ஃபில் அக்கா நிற்கவேண்டிய கரையில் ஒருவர் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அண்ணை கனடாவுக்குப் போன் எடுத்தார். அங்கே விடிந்தும் விடியாத நேரம்.

"அக்கா, வந்திட்டன்."

"என்னடா இரைச்சல்? ஒண்டும் கேக்கேல்லை. அதை நிப்பாட்டிப்போட்டுக் கதை."

"ஏலாது அக்கா. நிப்பாட்டினா ஆறு என்னைத் திருப்பிக் கொண்டுபோயிடும்."



"அப்ப போனை அதுக்குக் கிட்டப் பிடி" என்றார் அக்கா. "கேக்கிறன்."

அக்கா இப்போது இல்லை. ஹெர் பெக்கரும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் மாடிவீடு. படகை வாங்கியவர் அந்த இயந்திரத்தை இறக்கிவிட்டு மின்மோட்டார் பூட்டியிருக்கிறார். அண்மையில் கால்வாயில் கண்டேன். தண்ணீருக்கே தெரியாமல் போனது. சூசை அண்ணையிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்போது எங்கும் நல்ல அமைதி. சிவப்பு விளக்கில் கார் அடங்கினால் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, பின்னால் நீங்கள் சிரிப்பது உட்பட.