எஸ்.பி. வீட்டுப் படலை

ஒன்பது வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. சம்பளம் கிடையாது, ஆனால் கரவெட்டியில் வேறெந்தப் பிள்ளைக்கும் அப்படியொரு வேலை வாய்த்திருக்காது. பெரியப்பா வீட்டுக்கு யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் வேலை.

பெரியப்பா பொலிஸில் எஸ்.பி.யாக இருந்து பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர். பிள்ளைகள் இல்லை, அவரும் பெரியம்மாவும்தான். அவருடைய வீடும் எங்கள் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. வேலியைத் தாண்டி உள்ளே வர இரண்டுக்கும் ஒரே படலை. கள்ளனையும் சண்டியனையும் பிடிக்கிற பொலிஸ்காரர் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் பெரியப்பா பிடித்தது கோட்டுச் சூட்டோடு கதிரையில் இருந்துகொண்டு கைலஞ்சம் வாங்கியவர்களை. தன்னுடைய மேலதிகாரியையே வழக்குப் போட்டு மறியல் வீட்டுக்கு அனுப்பியவர் என்று சொல்லும்போது அப்பாவின் குரல் தானாகவே உயரும். அந்த வழக்கு முடிந்த கையோடு பெரியப்பாவைக் கொழும்பிலிருந்து தூக்கிப் பதுளையில் போட்டார்கள். அங்கேயும் ஒருவர் அகப்பட்டார். பிறகு அம்பாறை, பிறகு அநுராதபுரம். "கை நீட்டினவனைப் பிடிச்சதுக்கு எனக்கு இலங்கையைச் சுத்திக் காட்டினவங்கள்" என்பார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட பகிடி அது ஒன்றுதான்.

அவர் ஊருக்கு வந்த புதிதில், ரோட்டு முடக்கில் அரிசி மில் வைத்திருந்தவர் ஒரு வாழைக்குலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். காரியம் ஒன்றுமில்லை, சும்மா ஒரு மரியாதைக்கு. பெரியப்பா அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, நாட்டு நடப்புக் கதைத்துவிட்டு, குலையைத் தன் கையாலேயே திரும்பவும் சைக்கிளில் கட்டினார். மில்லுக்காரருக்கு முகம் விழுந்துபோனது. "ஐயா இப்ப பென்சன் எடுத்திட்டியளே, இனி என்ன?" என்று கேட்டார். "பென்சன் எடுத்தது உத்தியோகம். நானில்லை" என்றார் பெரியப்பா.

அதற்குப் பிறகு சனம் கெட்டித்தனமாக நடக்கத் தொடங்கியது. பெரியப்பா கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து முருங்கைக்காய்க் கட்டையோ, அவித்த பனங்கிழங்கையோ படலையடியில் வைத்துவிட்டு ஆள் மறைந்துவிடும். அங்கேதான் எனக்கு நியமனம் கிடைத்தது. வைத்தவர் யாரென்று துப்புத் துலக்கி, அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "பெரியப்பா கும்பிட்டுச் சொன்னவர், ஆனா ஒண்டும் வேண்டாமாம்" என்று ஒப்புவிக்க வேண்டும். கும்பிடு முதலில் வரவேண்டும், வேண்டாம் பிறகுதான் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் "உவைக்கு எங்கடை கறியெண்டால் கசக்குதோ" என்று முகத்தைச் சுழித்தார்கள். எனக்கென்றால் காக்கி உடுப்புப் போட்டது போலத்தான் இருக்கும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

பெரியப்பா ஒரு விடியற்காலையில், முகம் கழுவப் போன இடத்தில், கிணற்றடியில் சரிந்து இறந்துபோனார். அப்பாவுக்கு அழுகையோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. காலம் அப்படி. பொலிஸார் ரோட்டில் இறங்க முடியாமல் நிலையங்களுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். ஊருக்குள் துவக்குத் தூக்கிய இயக்கப் பெடியளின் ஆட்சி. காக்கி என்றால் சனத்துக்குப் பயமும் வெறுப்பும் ஒன்றாக வந்தன. அவ்வளவு பெரிய அதிகாரிக்கு நியாயப்படி பாண்ட் வாத்தியம் வந்திருக்க வேண்டும், துவக்கு வெடித்திருக்க வேண்டும், உடுப்புப் போட்டவர்கள் வரிசையாக நின்று சலூட் அடித்திருக்க வேண்டும். அவை ஒன்றும் நடவாது என்பது அப்பாவுக்குத் தெரியும். ஊராவது வருமா என்பதுதான் அவருடைய பயம். பொலிஸ்காரனின் செத்தவீட்டுக்குப் போய் வம்பை விலைக்கு வாங்க யார் துணிவார்கள்? போதாக்குறைக்கு, ஊரில் ஒரு வீட்டோடாவது பெரியப்பா கொண்டு கொடுத்துப் பழகியிருந்தாலும் பரவாயில்லை.

"என்ரை அண்ணையைத் தூக்க நாலு பேர் வருவினமோ தெரியேல்லை" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். ட்ரங்குப் பெட்டியிலிருந்த பெரியப்பாவின் காக்கி உடுப்பை அப்பா வெளியே எடுத்ததும், பெரியம்மா அதை வாங்கித் திரும்பவும் உள்ளே வைத்தார். "வேட்டியோடை போகட்டும்" என்றார்.

ஊர் வந்தது. முதலில் மில்லுக்காரர் வந்தார். வந்தவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் முற்றத்தில் பந்தல் போடத் தொடங்கினார். மத்தியானத்துக்குள் வளவு கொள்ளாத சனம். பாடையைத் தூக்கும்போது நான் நீ என்று தோள் கொடுத்தார்கள். சுடலைக்குப் போகிற ஒழுங்கை நெடுக வெள்ளைக் கொடி கட்டி, ஒவ்வொரு படலையிலும் விளக்குக் கொளுத்தி வைத்திருந்தார்கள். கட்டச் சொன்னது யாரென்று இன்றுவரை தெரியாது. சைக்கிளில் வந்த இரண்டு இயக்கப் பெடியள்கூட இறங்கி ஓரமாக நின்றார்கள். அப்பா கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனார். அவர் தலை நிமிர்ந்திருந்தது. அன்றைக்கு அந்த ஒழுங்கையில் எங்களை விடப் பெரிய குடும்பம் இல்லை என்று எனக்குப் பட்டது.

ஆண்கள் எல்லோரும் சுடலைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் வீடு கழுவித் தலை தோய்ந்துகொண்டிருந்தார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும். இது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். எனக்குத் தெரியவில்லை. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை.

நான் படலையடியில் நின்றேன். மில்லுக்கார மாமியும் இன்னும் இரண்டு பெண்களும் பெரிய சோற்றுப் பானையும் கறிச்சட்டிகளுமாக வந்தார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெரியப்பா ஒழுங்கை முடக்குத் திரும்பி எவ்வளவு நேரமாகிறது? அதற்குள் வந்துவிட்டார்கள். அவர் எப்போது போவார் என்று பார்த்திருந்த மாதிரி. நான் படலையை இழுத்துச் சாத்திக் கொளுக்கியைப் போட்டேன். கையைக் கூப்பினேன்.

"பெரியப்பா கும்பிட்டுச் சொன்னவர். ஆனா ஒண்டும் வேண்டாமாம்."

மாமி திகைத்துப்போனார். "பிள்ளை, இது செத்தவீட்டுச் சோறு. படலையைத் திற" என்றார். நான் அசையவில்லை. "செத்தவீட்டுக்கெண்டு ஆக்கினதைத் திருப்பி வீட்டை கொண்டுபோகக் கூடாதடி" என்று கூட வந்தவர்களில் ஒருத்தி கெஞ்சினார். உள்ளேயும் போக முடியாமல், திரும்பவும் முடியாமல் பானை ஒழுங்கை மணலில் இருந்தது. நேரம் போகப் போக மாமியின் முகம் இறுகியது. செத்தவீட்டுச் சோற்றை வேண்டாமென்பது இனி உன் உறவே வேண்டாமென்று சொல்வதற்குச் சமம். பெரியப்பாவுக்கு ஊர் கொடுத்த அவ்வளவு மரியாதையையும் நான் ஒருத்தி படலைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேன். எனக்கோ அவருடைய மரியாதையைக் காப்பாற்றுகிற நினைப்பு.

சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்தார். தோய்ந்த ஈரத் தலை. அழுது வீங்கிய முகம். படலையையும் பானையையும் என்னையும் பார்த்தார். கொளுக்கியை எடுத்தார்.

"பெரியப்பா இருந்தால் விடமாட்டார்" என்று நான் கத்தினேன்.

"ஓம் பிள்ளை, விடமாட்டார். அவர் இருந்தால் நானும் விடமாட்டன்" என்றார் பெரியம்மா. பிறகு மாமியைப் பார்த்து, "குறை நினையாதை தங்கச்சி, உள்ளுக்கை வா" என்று பானையின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினார்.

சுடலையால் வந்த அப்பாவிடம் மாமிதான் நடந்ததைச் சொன்னார். எனக்கு அடி நிச்சயம் என்று நினைத்தேன். அப்பா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், பிறகு சிரித்தார். "அண்ணைக்கு ஒரு காவல் மரியாதையும் கிடைக்கேல்லையெண்டு சுடலை போய்ச் சேருமட்டும் மனம் கேக்காமல் போனனான். இஞ்சை ஒருத்தி நிண்டு குடுத்திருக்கிறாள்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். மில்லுக்காரர் என் தலையில் கை வைத்து, "எஸ்.பி. ஐயா போகேல்லை" என்றார். இன்றைக்கும் ஊருக்குப் போனால் யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள். எனக்கு இன்றைக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

ஆனால் அன்றைக்கு அந்தப் புகழ்ச்சி ஒன்றும் என் காதில் ஏறவில்லை. நான் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரம் இருந்து, வாழையிலையில் சோற்றைப் பிசைந்து அவர் சாப்பிட்டார். கண்ணீர் வழிந்தபடியே சாப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். அதற்கு என்ன போட்டது என்று மாமியிடம் விசாரித்தார். புருஷனைச் சுடலைக்கு அனுப்பிவிட்டு இப்படி ஒரு சாப்பாடா என்று எனக்கு வயிறு எரிந்தது.

பதுளையிலும் அம்பாறையிலும் அநுராதபுரத்திலும், பெரியப்பாவைக் கண்டு நடுங்கிய ஊர்களில், அடுத்த வீட்டுக்காரியிடம் ஒரு கிண்ணம் கறி வாங்காமலும் கொடுக்காமலும், கதைக்கத் துணையில்லாமல் பெரியம்மா இருந்த வருடங்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பெரியப்பாவின் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழாததற்கு பெரியம்மாவும் தன் பங்கைக் கட்டியிருக்கிறார் என்பது, நானும் ஒருவருக்கு மனைவியாகி, தெரியாத ஊரில் தனியாக அடுப்பு மூட்டிய பிறகுதான் விளங்கியது.

செத்தவீடு முடிந்து ஒரு கிழமையாக நான் பெரியம்மாவோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது. பின்னேரங்களில் வேலியடியில் நின்று மாமியோடு கதைத்துக்கொண்டிருந்தார்.