பிரேக்கும் மரியாதையும்

பிரேக் மிதி தரையைத் தொட்ட பிறகும் கார் நிற்காமல், குற்றாலம் ரோட்டில் ஒரு வைக்கோல் வண்டியின் பின்பக்கத்தில் போய்ச் செருகி நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அப்பா மீசையிலிருந்து வைக்கோலை எடுத்துக்கொண்டிருந்தார். நானோ, பிரேக் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கிறது, அதை வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தேன். திரவ அழுத்தத்தைப் பற்றிக் கல்லூரியில் ஒரு பாடம் முழுக்கப் படித்தவன் அல்லவா.

தென்காசி மெக்கானிக்குகள் அத்தனை பேரும் அருவி சீசனுக்கு வந்த கார்களுக்கு அடியில் கிடந்தார்கள். மறுநாள் காலை சிவகிரியிலிருந்து தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள். நம் காரிலேயே அருவிக்குக் கூட்டிப்போவதாக அப்பா கடிதம் எழுதியாகிவிட்டது. கார் கிளம்பாவிட்டால் இந்தச் சம்பந்தமும் கிளம்பாது என்று அம்மா கலங்கிப்போயிருந்தாள்.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே படுத்து ஒரு சின்ன நட்டைத் திறந்தால் காற்றும் எண்ணெயும் வெளியே வரும். நட்டை மூடும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். மிதிக்க அக்கா வீட்டுக்காரர் வாய்த்தார். எங்கள் தெருவில் அவரளவு மரியாதை தெரிந்தவர் கிடையாது.

வீட்டு வாசலில், தெருவோரமாகக் காரை நிறுத்தி நட்டைத் திறந்தேன். ஜவுளிக்கடைப் பெரியவர் வந்தார். அத்தான் தோள்துண்டை இடுப்புக்கு இறக்கி, காரைவிட்டு இறங்கி நின்றார். மறுபடி திறந்தேன். கோயில் தர்மகர்த்தா வந்தார். மூன்றாவதாக வந்தவர், கீழே கிடப்பது யார் என்று விசாரித்து, அருவியில் தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

“காலை எடுக்காதீங்கன்னு சொன்னேம்லா அத்தான்.”

“ஏலே, அண்ணாச்சி எதுக்க வருதாவ. நான் சீட்ல சாஞ்சு காலை நீட்டிக்கிட்டு இருக்கவா?”

“நாளைக்கு கார் நிக்காதே.”

“கார் நிக்கலேன்னா மன்னிச்சிருவாவ. மாப்ள வீட்டுக்காரங்க நம்மள பத்தி ஊர்ல விசாரிச்சா என்ன சொல்லுவாவ?”

டின்னில் பிரேக் எண்ணெய் இன்னும் ஒரு முயற்சிக்குத்தான் மிச்சம். காரைக் கொல்லைக்குக் கொண்டுபோகலாம் என்றால் சந்து குறுகல். கடைசியில் அப்பாதான் நினைவுக்கு வந்தார். அவர் எழுந்து நிற்கும்படி மூத்தவர் யாரும் அந்தத் தெருவில் உயிரோடு இல்லை. சிக்கல் என்னவென்றால், அப்பாவிடம் நான் எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. எல்லாம் அம்மா மூலம்தான்.

எனவே விடிந்ததும் அப்பா மிதியில் கால் வைப்பது, அம்மா கார்க் கதவருகே நிற்பது, நான் சக்கரத்தடியில் கிடந்தபடி ‘அமுக்கச் சொல்லு’, ‘விடச் சொல்லு’ என்று அம்மாவிடம் சொல்வது என்று ஏற்பாடாயிற்று.