இரண்டு ஏக்கருக்கு ஒரு மெஷின்

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்தே எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. கொழுந்து வெட்டும் மெஷின் தேடிய அந்த இரண்டு மாதங்கள் இன்னும் மோசம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவேன். பொங்கி வழிந்த வாசனை வந்ததும் திரும்ப ஓடுவேன். பாதி வழியில் வேறு ஏதாவது தோன்றி மறுபடியும் நிற்பேன்.

குன்னூருக்குச் சற்று வெளியே எனக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. முன்பெல்லாம் கொழுந்து பறிக்க ஐந்து பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவராகத் திருப்பூர், கோவை என்று பிள்ளைகளோடு போய்விட, கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். பதினெட்டு வருடமாக வருகிறவர். அவருடைய அப்பா அம்மா இலங்கையில் கண்டிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சர் என்பார். மதியச் சாப்பாடு இருவருக்கும் என் சமையலறையில்தான்.

ஓர் ஆள் கையால் பறித்து இரண்டு ஏக்கரைச் சுற்றி முடிப்பதற்குள் தோட்டத்தில் பாதி இலை முற்றிவிடும். முற்றின இலையை ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள். ஆக, மெஷின் வாங்க வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் எனக்குத் தூக்கம் போனது. மெஷின் என்ற பேச்சை எடுத்தாலே, இனி நாம் எதற்கு என்று நின்றுவிடுவாரோ? அவர் நின்றால் தோட்டம் மட்டுமா போகும்? நாள் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. அப்போது யார் கேட்டிருந்தாலும் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அதனால் ரேஷன் கார்டு வேலை, பல் டாக்டர் என்று ஏதாவது பொய் சொல்லிக் குன்னூருக்கு பஸ் ஏறினேன். கடையில் மூன்று விதமாகக் காட்டினார்கள். பெட்ரோலில் ஓடும் பெரிய மெஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, செடி நிரையின் இருபுறமும் சேர்ந்து நடக்க வேண்டும். அக்காவின் நடைக்கு ஈடுகொடுக்கப் பார்த்தால் நான் சரிவுக்குக் கீழே ஓடைக்குள்தான் கிடப்பேன். அடுத்தது பை மாட்டிய கத்திரி. விலை குறைவு, ஆனால் தோளைப் பிய்த்துவிடும். அக்காவுக்கு வலது தோள் ஏற்கெனவே சரியில்லை. மூன்றாவது, பேட்டரியை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரே ஆள் வெட்டுவது. எதை எடுப்பது என்று முடிவு செய்தாலும் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் மற்றது நல்லதாகத் தோன்றியது.

"ஏனுங்கம்மா, போன வாரம் ரெண்டு ஆளு மெஷின்தான் வேணும்னு நீங்களே சொன்னீங்களே," என்றார் கடைக்காரர்.

"அது போன வாரமுங்க."

"புல் வெட்டற மெஷினும் சேத்தி எடுத்துக்குங்க. வெல பாத்துப் போட்டுத் தாரேன்."

"எனக்கும் புல்லுக்கும் சண்டையே இல்லீங்க."

அவர் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிரைக்கு நிரை எத்தனை அகலம், செடி எவ்வளவு உயரம் என்று அளந்து வரச் சொன்னார். சரிவில் ஆள் நின்று மெஷினைத் திருப்ப இடம் வேண்டுமாம். அக்கா வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, டேப்பை எடுத்துக்கொண்டு ரோட்டை ஒட்டிய நிரையிலிருந்து அளந்தேன்.

அந்த வாரம் முழுக்க அக்கா அதிகம் பேசவில்லை. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். தோள் வலி கூடிவிட்டது என்று நானாகவே முடிவு செய்து, அந்தத் தோளுக்காகவே பேட்டரி மெஷினை வாங்கினேன்.

ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கியபோது அவர் கொழுந்துப் பையோடு மேலே ஏறி வந்தார்.

"என்னா டீச்சர் இது?"

"கொழுந்து வெட்டற மெஷினுங்க அக்கா. உங்க தோளுக்கு லேசா இருக்கோணும்னு தேடித் தேடி எடுத்தேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். "அப்ப தோட்டத்த விக்கலியா?"

"யாருங்க விக்கறாங்க?"

"ஞாயித்துக்கெழம டேப் புடிச்சு அளந்தீங்களாம். ரோட்டுல போனவங்க பாத்திருக்காங்க."

ஒளியத் தெரியாதவன் தலையாரி வீட்டில் ஒளிந்தானாம். எங்கள் பக்கத்தில் தேயிலைக்குள் யாராவது டேப் பிடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காட்டேஜ் கட்ட ஆள் வந்துவிட்டது, செடியைப் பிடுங்கப் போகிறார்கள். இது எனக்குத் தெரியாததா? அக்கம்பக்கத்தில் டேப் பிடித்த மூன்று தோட்டங்களைப் பற்றி நானே அக்காவிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்," என்றார். "சொல்லல. நானா கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. திருப்பூருக்கு வர்றேன்னு மகளுக்குப் போன் பண்ணிட்டேன். புள்ளைய நான் பாத்துக்குவேன்னு நம்பி அவ கம்பெனியில சேந்துட்டா. ஒண்ணாந்தேதி போகணும்."

எனக்குக் கோபம் வந்தது. முதலில் ரோட்டில் போனவர்கள் மேல். பிறகு அக்கா மேல்; ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பல் வலியிலிருந்து பென்ஷன் தாமதம் வரை எல்லாவற்றையும் அவரிடம்தான் கொட்டியிருக்கிறேன். அவரைப் பற்றிய ஒன்றை மட்டும் அவரிடமே மறைத்தேன்.

அக்கா அதற்குள் பேட்டரியை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு நிரையை வெட்டிப் பார்த்தார். கொழுந்து பைக்குள் விழுந்தது. "லேசாத்தான் இருக்கு. நல்லாத் தேடியிருக்கீங்க," என்றார். பிறகு அதைக் கழற்றி, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, என் முதுகில் மாட்டினார். என் உடம்புக்கு பெல்ட் எட்டவில்லை. இழுத்து நீட்டினார்.

"போறதுக்குள்ள நீங்க பழகிக்கங்க."

"எனக்கு இது வேண்டாமுங்க அக்கா. நீங்க இருங்க. கையால எவ்வளவு முடியுதோ அவ்வளவு போதும்," என்றேன். பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை.

அவர் பெல்ட்டின் கொக்கியை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இத போன வாரம் சொல்லியிருக்கணும் டீச்சர்."